வடிவான கார்

"அழகு சோறு போடுமா?" என்று எங்கள் வீடுகளிலே கேட்பதுண்டு. கலியாணப் பேச்சிலும் கேட்பார்கள். பிள்ளையொன்று பளபளப்பான பொருளுக்கு ஆசைப்படும்போதும் கேட்பார்கள். இளமையில் எம்மை நோக்கியும் இக்கேள்வி பலமுறை எழுந்தது. அதற்கு நாம் விடை கண்ட இடம் அமெரிக்காவிலுள்ள பொஸ்டன் நகரம். விடை தந்தது ஓர் இத்தாலிய மோட்டார்க் கார்.

மேற்படிப்பின் பொருட்டு நாம் அந்நகரில் வாழ்ந்த காலம் அது. 1979ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, படிப்பை முடித்துக்கொண்டு புறப்பட்ட மாணவர் ஒருவர் தமது பழைய காரை மலிவாகத் தந்தார். இருவர் மட்டுமே அமரக்கூடிய சிவப்புக் கார்; மேற்கூரையைப் பின்னே மடித்து விடலாம். செய்த கம்பனியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அக்காலத்து இத்தாலியக் கார்களுள் ஒன்று என்றாற் போதும். "யப்பான் கார் ஒன்றைப் பார்த்து வாங்கும்" என்று நண்பர் பலர் புத்தி சொன்னார்கள். நாமோ அந்தக் காரின் முன்விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். புத்தி செவியில் ஏறவில்லை.

இவ்வாறு மயங்கியவர்கள் நாம் மட்டுமல்லர். உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் ஓட்டிய கார்கள் தோணிபோல் அகன்றவை. பெரிய எஞ்சின்கள் சோம்பலாய்ச் சுழல்பவை. இத்தாலியிலோ எஞ்சினின் பருமனுக்கேற்ப வரி. பெற்றோலும் விலை கூடியது. வீதிகள் ஒடுங்கியவை, மலைப்பாதைகள் வளைந்தவை. ஆகவே அந்நாட்டுப் பொறியியலாளர் சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வலுவைக் கறக்கக் கற்றனர். அந்த எஞ்சின் வேகமாய்ச் சுழலும், சுழலும்போது பாடும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் மூன்று கியரே இருக்க, இவற்றிலே ஐந்து கியர் வந்தது. வியன்னாவிற் பிறந்து நியூயோர்க்கில் வியாபாரஞ் செய்த மாக்ஸ் ஹொப்மன் என்பவர், திறந்த கார் ஒன்று வேண்டுமென அல்பா ரோமியோ நிறுவனத்தாரை வற்புறுத்தினார். 1955இல் வெளிவந்த ஜூலியெற்றா ஸ்பைடர் என்னும் அழகிய கார் அவ்வாறு பிறந்ததே.

1966இல் பியற் நிறுவனம் 124 ஸ்பைடரைக் காட்டியது. அதன் எஞ்சினை வகுத்தவர் முன்னர் பெராரிக்கு எஞ்சின்கள் வகுத்த லம்பிரேடி. அதன் உருவை இத்தாலியிலுள்ள பினின்பரீனா கூடத்திலே வரைந்தவரோ ரொம் ஜார்டா என்பவர். அமெரிக்க மோட்டார்த் தொழிலின் தாயகமான டெற்றோயிற்றிலே பிறந்தவர்! பெராரியை எட்டியும் பார்க்க முடியாத சாதாரண உத்தியோகத்தர் ஒருவர், பெராரி வகுத்த கை வகுத்த எஞ்சினை மாதத் தவணையில் வாங்கலாம் என்றால் யார்தான் மயங்கார்? மறு ஆண்டு வந்த 'தி கிராஜுவேற்' என்னும் திரைப்படத்தில் நாயகன் சிவப்பு அல்பா ரோமியோ ஒன்றிற் பறந்தான். காதலியின் திருமணத்தைத் தடுக்க விரையும் தறுவாயிலே பெற்றோல் தீர்ந்து கார் நின்றுவிட, அவன் கால்நடையாய் ஓடுகிறான். அது காரின் குற்றமன்று. ஆயினும் அத்தகைய கார் வைத்திருந்தவர்கள் அக்காட்சியைக் கண்டு தமக்குள்ளே சிரித்திருப்பார்கள்.

பியற் என்பது, 'தூரின் நகரத்து இத்தாலிய மோட்டார்த் தொழிற்சாலை' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களின் முதலெழுத்துக்களால் 1899இல் அமைந்த பெயர். அமெரிக்கர் அந்த நான்கு எழுத்துக்களுக்கும் புதுப்பொருள் கண்டனர்: 'பிக்ஸ் இற் அகெயின், ரோனி'. அதாவது, 'இன்னொருமுறை திருத்தித் தா, ரோனி'. வேடிக்கைதான், ஆனால் வேடிக்கை காரணமின்றிப் பிறப்பதில்லை.

முதற் காரணம் துரு. அமெரிக்காவின் வடபகுதியிலே பனி உருகும்படி வீதிகளில் உப்பைக் கொட்டுவார்கள். அக்காலத்து இத்தாலியத் தகடுகள் அந்த உப்பைத் தாங்கவில்லை. 1970களின் முற்பகுதியிற் செய்த பல வண்டிகளைத் துருவின் பொருட்டே பியற் மீள அழைக்க நேர்ந்தது. இரண்டாவது காரணம், பராமரிப்பைப் பற்றிய எண்ண வேறுபாடு. லம்பிரேடியின் எஞ்சினில் வால்வுகளை இயக்கியது சங்கிலி அன்று. பற்களுள்ள றப்பர் பட்டி. அதனைக் காலந் தவறாமல் மாற்றவேண்டும். மாற்றாவிடில் ஒருநாள் அறும். அறுந்தால் வால்வுகள் வளையவுங் கூடும். எண்ணெய் மாற்றுவதோடு கடமை முடிந்ததென்று பழகிய அமெரிக்கருக்கு இது புதுமை. மூன்றாவது காரணம் புகைக் கட்டுப்பாடு. அச்சட்டங்களுக்கு அமைய, அல்பா ரோமியோ 1969 முதல் தன் அமெரிக்கக் கார்களில் ஸ்பிக்கா என்னும் எரிபொருட் பம்பியைப் பூட்டியது. சீராக வைத்திருந்தால் அது திறமான கருவியே. ஆனால் அதன் நுட்பம் அறிந்த மெக்கானிக்குகள் அங்கே மிகச் சிலர். பலர் அதனைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய காபரேற்றரையே பூட்டிக்கொண்டனர்.

எமது காருக்கு நேர்ந்ததோ இவ்வளவு நுட்பமான நோயுமன்று. அவ்வாண்டு டிசம்பரில் எம் அன்னையார் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் வழியாக எம்மைப் பார்க்க வந்தார். விமானமேறியது அவருக்கு அதுவே முதன்முறை. ஆங்கிலம் நாலைந்து சொல்லுக்கு மேல் அறியார். பஸ்ஸிற் போவதே உசிதம் என்று உள்மனம் சொல்லியது. ஆயினும் அன்னையைச் சிவப்புக் காரிலே அழைத்துவர வேண்டுமென்ற ஆசை விடவில்லை. விமான நிலையத்துக்குச் செல்லும் சுரங்க வழியை அண்மியபோது விளக்குகள் அணைந்தன, எஞ்சின் அடங்கியது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. இழுவை வண்டி வந்து, அதன்பின் டாக்சி பிடித்து நாம் சென்றடைந்தபோது இரண்டரை மணி நேரம் கழிந்துவிட்டது. கைத்தொலைபேசி இல்லாத காலம். அன்னையார் கம்பளி போர்த்தியபடி, பெட்டியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, வாயிற் கதவையே பார்த்து நின்றார். எத்தனையோ பேர் இருக்கச் சொல்லியும் அவர் இருக்கவில்லையாம். இருந்தால் மகன் காணாமற் போய்விடுவான் என்ற பயம்.

நடந்ததை நாம் விளக்கினோம். அந்தக் கார் எத்துணை அழகானது என்பதையும் வெட்கமின்றிச் சேர்த்துச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை.

"வடிவெல்லாம் உனக்குத்தான் ராசா, காத்துக்கொண்டு நிண்டது நானல்லோ" என்றார்.

மறுநாள் விமான நிலையத்துக்கு அருகே அக்காலத்தில் இத்தாலியர் செறிந்து வாழ்ந்த கிழக்குப் பொஸ்டனில், முதியவர் ஒருவரின் கராஜுக்குக் கார் போயிற்று. பற்றறியையும் காரின் உடலையும் இணைக்கும் வயர், உப்புநீரில் அரித்துப் பச்சை பூத்து அற்றுக் கிடந்தது. புது வயரின் விலை ஒரு டொலரும் இல்லை. "எங்கள் ஊரில் இதையெல்லாம் மாதமொருமுறை கையால் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே சாவியை மட்டுந்தான் தொடுகிறார்கள்" என்று அவர் எம்மைக் கடிந்துகொண்டார்.

அவர் சொன்னது பாதி உண்மை. தெருவுக்கொரு மெக்கானிக் இருந்த நாட்டிலே, தொட்டுப் பார்க்கும் மனிதருக்காக அக்கார்கள் செய்யப்பட்டன. யப்பானியரோ, கடலுக்கப்பால் வாங்குபவன் தொட்டே பார்க்கமாட்டான் என்று எண்ணிக்கொண்டு செய்தனர். சந்தை அவர்கள் வசமாயிற்று. லான்சியா 1982இல் அமெரிக்காவை விட்டகன்றது. சற்றுப் பின்னர் பியற்றும், 1995இல் அல்பா ரோமியோவும் அகன்றன. பியற் 2011இல் சின்னஞ்சிறு 500 காருடன் மீண்டும் வந்தது. ஆனால் 2015இல் ஜே. டி. பவர் நிறுவனம் நடத்திய புதுக்கார்த் தர ஆய்விலே கடைசி இடமே அதற்குக் கிட்டியது. அல்பாவின் ஜூலியா, அமெரிக்காவின் பெயர்பெற்ற மோட்டார்ச் சஞ்சிகை ஒன்றினால் 2018ஆம் ஆண்டுக்குரிய சிறந்த காராகத் தெரிவுசெய்யப்பட்டது; அதன் நம்பகத்தைப் பற்றிய முறைப்பாடும் கூடவே எழுந்தது. பழைய கதைதான்.

ஆயினும் அந்தப் பழைய ஸ்பைடர்களை இன்றும் போற்றிப் பேணுவோர் அங்கே உளர். பலரின் வீட்டில் இன்னொரு காரும் நிற்கும். பிள்ளையைப் பாடசாலையில் விடவும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அது. வெயில் எறிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது. வழியில் நின்றாலும் யாரும் காத்திருக்கப் போவதில்லை. அவர்கள் அறிந்து செய்தார்களோ அறியாமற் செய்தார்களோ, எம் அன்னையாரின் சொல்லுக்கு இணங்கவே வாழ்கிறார்கள். பொருளின் அழகை அனுபவிப்பவன் உடையவன். அதன் உறுதியை நம்பி நிற்பவரோ பிறர். காரை வாங்கும்போது நாம் எம்மை மட்டுமே எண்ணினோம்.

அதன்பின் ஒருவர் காத்திருக்கும் இடத்துக்கு அந்தக் காரில் நாம் சென்றதில்லை. ஆனால் மே மாதத்தில், அன்னையார் ஊர் திரும்புவதற்கு முன்னர், கூரையை மடித்து விட்டுச் சாள்ஸ் ஆற்றங்கரை வழியே அவரை ஒருமுறை அழைத்துச் சென்றோம். சேலைத் தலைப்பால் தலையை மூடிப் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளைபோல் வழிநெடுகச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு காரை விற்றுவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினோம். மெச்சுவார் என்று எண்ணியிருந்தோம். வந்த பதிலின் அடியில், கையொப்பத்துக்கும் கீழே, ஒரே ஒரு வரி இருந்தது: "வித்துப்போட்டியோ? பாவம், வடிவான கார்."