நாம் ஷோவும் தோடி காந்தாரமும்

ஜனவரி வந்தா சென்னைல புத்தகக் கண்காட்சி. அமெரிக்காவுல அனஹைம்ங்குற ஊர்ல 'நாம்' கண்காட்சி. நாம்னா நீங்களும் நானும் இல்லைங்க. அமெரிக்க இசைப்பொருள் வியாபாரிகள் சங்கத்தோட இங்கிலீஷ் பேரைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படிச்சா தமிழ்ல அப்படித்தான் வருது :-) 1901ல ஆரம்பிச்ச சங்கம். டிஸ்னிலேண்டுக்குப் பக்கத்துலயே பெரிய அரங்கம். அங்க வருஷா வருஷம் கிடார், பியானோ, டிரம்ஸ், சிந்தசைசர் பண்றவங்க எல்லாம் கடை விரிச்சு, "இந்த வருஷம் எங்ககிட்ட புதுசா இதெல்லாம் இருக்கு"ன்னு காட்டுவாங்க. கொரோனா புண்ணியத்துல 2021ல இணையத்துலயே நடத்தி, 2022ல ஜூன், 2023ல ஏப்ரல்னு தள்ளாடி, 2024ல மறுபடி ஜனவரிக்கு வந்து சேர்ந்துச்சு.

நான் போனதில்லை. போற வசதியும் இல்லை. அங்க காலைல பத்து மணின்னா இங்க மோர்டன்ல சாயங்காலம் ஆறு மணி. ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் யூட்யூப்ல வீடியோ வர ஆரம்பிச்சிடும். தட்டுல சோறு, எதிர்ல லேப்டாப். ஆடியோ இஞ்சினியரிங் படிக்கிற பயலுக்கு இதுதான் தீபாவளி ரிலீஸ்.

மோர்டன் தெரியாதவங்களுக்கு: நார்தர்ன் லைன்ல தெற்குப் பக்கம் கடைசி ஸ்டேஷன். 1926ல திறந்தது. தூங்கிட்டாலும் தப்பான ஸ்டேஷன்ல இறங்குற பயமில்லை, வண்டியே இங்கதான் முடியும். மூணு ஸ்டேஷன் தள்ளி டூட்டிங் பிராட்வே. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் அங்க கிடைக்கும். இந்தப் பக்கம் நிறைய ஈழத்தமிழர் குடும்பங்கள். நான் மாடி ரூம்ல வாடகைக்கு இருக்குற வீடும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவோடது. அவங்களுக்குப் பதினோரு வயசுல ஒரு பொண்ணு. அவளை இங்க குட்டின்னு வச்சுக்குவோம்.

குட்டி சனிக்கிழமை சனிக்கிழமை வாய்ப்பாட்டு வகுப்புக்குப் போறா. ஸ்கூல்ல பியானோவும் படிக்கிறா. போன வருஷத்துல இருந்து பாட்டு வகுப்புன்னாலே முகம் சுளிப்பு. வயித்துவலி, வீட்டுப்பாடம், சிநேகிதி பிறந்தநாள்னு வாராவாரம் ஒரு காரணம். இந்த நிலைமைல ஒரு ராத்திரி நான் கீழ உக்காந்து பார்த்துட்டிருந்த வீடியோவை எட்டிப் பார்த்துட்டா. கருப்பு ரப்பர் பாய் விரிச்ச மாதிரி ஒரு கீபோர்ட். விரலை அழுத்தி ஆட்டினா சுரமும் ஆடுது, தேய்ச்சா சுரமும் வழுக்குது. "எனக்கு இது வேணும்"னு அப்பவே சொல்லிட்டா. பாட்டு வகுப்பு வேண்டாமாம், இது போதுமாம்.

மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, உது நல்ல சாமானோ? பிள்ளை ஒற்றைக்கால்ல நிக்கிறாள். நீங்கள் உதைப் பற்றித்தானே படிக்கிறனீங்கள், ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

நல்லதான்னு ஒரு வார்த்தைல கேட்டுட்டாங்க. பதில் ஒரு வார்த்தைல வராது. ஏன்னு சொல்றேன்.

அந்த ரப்பர் பாய்க்குப் பேரு சீபோர்ட். பண்ற கம்பெனி ரோலி, நம்ம லண்டன் கம்பெனிதான், வடக்கே டால்ஸ்டன்ல ஆரம்பிச்சு வளர்ந்தது. இங்க ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்ல படிச்ச ரோலண்ட் லாம்ப்ங்குற அமெரிக்கர் யோசிச்சது. முதல் சீபோர்ட் 2013ல வந்துச்சு. அப்புறம் 2015ல சின்னதா, கொஞ்சம் விலை கம்மியா சீபோர்ட் ரைஸ்.

இதுல என்ன அதிசயம்னு கேட்டா, கொஞ்சம் பின்னாடி போகணும். அதுவும் நாம் ஷோ கதைதான். 1983 ஜனவரி. அந்த வருஷ ஷோல இரண்டு வேற வேற கம்பெனி சிந்தசைசரை ஒரு கேபிள்ல இணைச்சுக் காட்டினாங்க. ஒண்ணு சீக்வென்ஷியல் கம்பெனியோட ப்ராஃபெட் 600, இன்னொண்ணு ரோலண்டோட ஜூபிடர் 6. ஒண்ணை வாசிச்சா இன்னொண்ணும் பேசுச்சு. அதுதான் மிடி. இன்னைக்கு வரைக்கும் உலகத்துல இருக்குற கீபோர்ட் எல்லாம் பேசுற பாஷை. இதுக்காக டேவ் ஸ்மித், இகுதாரோ காகெஹாஷி இரண்டு பேருக்கும் 2013ல டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க.

ஆனா அந்தப் பாஷையைப் பண்ணினவங்க மனசுல இருந்தது பியானோ. கட்டையை அமுக்கினா சுரம் தொடங்கும், விட்டா நிக்கும். எவ்வளவு வேகமா அமுக்கினேங்குறதுக்கு 0ல இருந்து 127 வரைக்கும் ஒரு நம்பர். சுரத்தை ஆட்டணும்னா ஓரமா ஒரு சக்கரம், பிட்ச் பெண்ட் வீல். அந்தச் சக்கரம் ஒரு சேனல் முழுசுக்கும் பொது. அதாவது இடது கையில சட்ஜத்தைப் பிடிச்சுக்கிட்டு வலது கையில காந்தாரத்தை ஆட்டினா, காந்தாரத்தோட சேர்ந்து சட்ஜமும் ஆடும். சுருதியே ஆடினா அப்புறம் என்ன கச்சேரி?

நம்ம சங்கீதத்துக்கு இது உயிர்ப் பிரச்சனை. தோடி ராகத்தை எடுத்துக்குங்க. அதுல காந்தாரம் ஒரு இடத்துல நிக்கிற ஆளே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஊஞ்சல் ஆடிக்கிட்டே இருக்கும். பியானோல அந்தக் கட்டையை நேரா அமுக்கினா சுரம் சரிதான், தோடிதான் இருக்காது. அகில இந்திய வானொலி 1940ல ஹார்மோனியத்துக்குத் தடை போட்டு 1971 வரைக்கும் வச்சிருந்ததுக்குப் பின்னாடியும் இந்தக் கோபம்தான். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்குற இடம் அந்தப் பெட்டிக்குத் தெரியாதுன்னாங்க.

அதுக்காக நம்ம ஆளுங்க சும்மா இருந்தாங்களா? வெள்ளைக்காரன் பிடிலை பாலுஸ்வாமி தீட்சிதர் கத்துக்கிட்டு நம்ம கச்சேரிக்குக் கொண்டு வந்தது இருநூறு வருஷம் முன்னாடி. சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத் வழிக்குக் கொண்டு வந்தார். எலெக்ட்ரிக் மாண்டலினை யு.ஸ்ரீநிவாஸ் கொண்டு வந்தார். கீபோர்ட்லயே அந்தச் சக்கரத்தை இடது கையால ஆட்டி ஆட்டி முழுக் கச்சேரி பண்றார் கே.சத்யநாராயணன். கேட்டுப் பாருங்க, அசந்துடுவீங்க. நம்ம ரஹ்மான் 'டெல்லி 6' படத்துல கன்டினுவம்னு ஒரு கருவி வாசிச்சிருப்பார், 2009ல. லிப்போல்ட் ஹாக்கன்ங்குற இல்லினாய்ஸ் பேராசிரியர் பண்ணினது. கட்டையே கிடையாது, மொத்தமும் ஒரே பட்டை.

சீபோர்ட்டும் இதே குடும்பம்தான். இங்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி சேனல். ஒரு விரல் ஆடினா அந்தச் சுரம் மட்டும் ஆடும், சட்ஜம் பாட்டுக்குச் சிவனேன்னு இருக்கும். இந்த ஏற்பாட்டை எல்லாக் கம்பெனிக்கும் பொது விதியா 2018 ஜனவரில ஒத்துக்கிட்டாங்க. பேரு எம்.பி.இ. அதுக்கப்புறம் ஃபிரான்ஸ்ல இருந்து ஆஸ்மோஸ்னு ஒண்ணு வந்துச்சு. பார்க்கச் சாதாரண பியானோ மாதிரியே இருக்கும், ஆனா கட்டையைப் பக்கவாட்டுல அசைக்கலாம். உள்ள சத்தம் பண்றது அதே ஹாக்கனோட இயந்திரம். சீபோர்ட் ரைஸோட இரண்டாவது பதிப்புல ஒவ்வொரு கட்டை மேலயும் தடவிப் பார்த்தா தெரியுற மாதிரி கோடு வச்சிருக்காங்க. சுருதி சேர்ந்து நிக்க அது உதவுது. பார்த்ததும் எனக்கு வீணை மெட்டு ஞாபகம்தான் வந்துச்சு.

ஆக, "நல்ல சாமானோ"க்கு இஞ்சினியர் பதில்: ஆமா, நல்ல சாமான்தான். நாற்பது வருஷ மிடில நம்ம சங்கீதத்துக்குக் கிடைக்காத ஒரு இடம் இதுல கிடைக்குது.

அப்புறம் ஏன் உடனே "வாங்குங்க அக்கா"ன்னு சொல்லலை? முதல் விஷயம் விலை, ஆயிரம் பவுண்டைத் தாண்டுது. இரண்டாவது, அதுக்குச் சொந்தக் குரல் கிடையாது. கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் போட்டாத்தான் பேசும். மூணாவதுதான் முக்கியம். 2021ல அந்தக் கம்பெனியே பணக்கஷ்டத்துல நிர்வாகிகள் கைக்குப் போயி, வேற பேர்ல மறுபடி எழுந்து, அப்புறம் பழைய பேருக்கே திரும்பி வந்துச்சு. எழுந்து வந்ததுல சந்தோஷம். ஆனா எழுந்திருக்காமப் போயிருந்தா? நாலு வருஷம் கழிச்சுப் புது கம்ப்யூட்டர்ல அந்த சாஃப்ட்வேர் ஓடலைன்னா அது வெறும் ரப்பர் பாய். எங்க ஊர் தஞ்சாவூர். பலாக்கட்டைல குடைஞ்ச வீணை, பண்ணினவர் போய்ச் சேர்ந்த பிறகும் பேசும். மெழுகு உருகினா யாராவது ஒருத்தர் மறுபடி மேளம் கட்டிக் கொடுப்பார். இருபத்துநாலு மெட்டு, நாலு தந்தி, தாளத்துக்கு மூணு தந்தி. அப்டேட் கேட்காது.

இதையெல்லாம் நான் சொல்லிட்டிருந்தப்ப அக்கா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "நானும் வீணை பழகினனான் தம்பி"ன்னாங்க. யாழ்ப்பாணத்துல ஏழு வருஷம். 1995 அக்டோபர் கடைசில வலிகாமமே ஒரே ராத்திரில கிளம்பினப்ப இவங்களும் கிளம்பினாங்க. சைக்கிள்ல அரிசியும் அம்மம்மாவும். வீணை வீட்டுக்குள்ள, கட்டிலுக்குக் கீழ. திரும்பிப் போனப்ப வீடே பாதிதான் இருந்துச்சாம். அதுக்குப் பிறகு எந்த வாத்தியத்தையும் தொடலை. குட்டிக்கு இது எதுவுமே தெரியாது.

எங்க காலேஜ் லேப்ல ஒரு பழைய சீபோர்ட் ரைஸ் இருக்கு. வாத்தியார்கிட்ட அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை இரண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். குட்டி முதல் அரை மணி விதவிதமா சத்தம் போட்டா. விண்கலம், திமிங்கிலம், பேய். எல்லாம் ஆச்சு. அப்புறம் நான் தந்திவாத்தியம் மாதிரி ஒரு குரலைத் தேர்ந்தெடுத்து அக்காவை உக்காரச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம்னாங்க. அப்புறம் ஒத்தை விரலை வச்சாங்க.

சட்ஜம். ரிஷபம். காந்தாரத்துல விரலை வச்சு அசைச்சாங்க. முதல்ல ரொம்ப அசைஞ்சுடுச்சு. இரண்டாவது தடவை குறைச்சாங்க. மூணாவது தடவை தோடி. சந்தேகமே இல்லாம தோடி. முப்பது வருஷம் சும்மா இருந்த விரல்.

குட்டி வாயைத் திறந்து பார்த்துட்டிருந்தா. "அம்மா, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அக்கா பதில் சொல்லலை. விரல் நுனியைப் பார்த்துக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க: "விரல் நோகேல்லைத் தம்பி. தந்தியை இழுக்கேக்க நோகோணும். அந்த நோவிலதான் எவ்வளவு இழுக்கிறமெண்டு விளங்கும்."

நான் இரண்டு வருஷமா படிக்கிற பாடத்துல இதுக்குத் தனியா ஒரு அத்தியாயமே இருக்கு. விரலுக்குத் திரும்பி வர்ற எதிர்ப்பு, அதை எப்படி இயந்திரத்துல கொண்டு வர்றதுன்னு. அக்கா இரண்டு வரில முடிச்சுட்டாங்க.

சரி, என்ன முடிவாச்சு? சீபோர்ட் வாங்கலை, இப்போதைக்கு. குட்டி பாட்டு வகுப்பை விடலை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சாப்பாட்டு மேசை மேல விரலை இழுத்துக் காட்ட, அவ அதைக் குரல்ல பிடிக்கிறா. வகுப்புல பாதி புரியாம இருந்தது இப்ப மேசைல புரியுதாம். லேப்டாப்ல தம்புரா ஆப் ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கேன். லேப்புக்கு மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போறதா அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், திமிங்கிலச் சத்தத்துக்காக.

வீணை ஒண்ணு வாங்கப் போறாங்க. பிள்ளைக்கு இல்லை, அக்காவுக்கு. தஞ்சாவூர்ல எங்கப்பா விசாரிச்சுட்டிருக்கார். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2013ல, அதனால அவருக்கு வேற பெருமை தாங்கலை. பெங்களூர்ல ராடெல் கம்பெனி பண்ற டிஜிட்டல் வீணையைப் பத்தியும் சொல்லிப் பார்த்தேன். பிளேன்ல கொண்டு வரச் சுலபம், லண்டன் ஹீட்டர் சூட்டுக்கு மெழுகு இளகுற பயமும் இல்லை. அக்கா சிரிச்சாங்க. "மெழுகு இளகினா இளகட்டும். எனக்கு மரம்தான் வேணும்."

இப்ப உங்க உதவி வேணும் மக்களே. முழு வீணையை விமானத்துல கொண்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா? குடத்துக்கும் யாளி முகத்துக்கும் என்ன பாதுகாப்பு பண்ணினீங்க? ஃபைபர் பெட்டி போதுமா, இல்லை தனி சீட்டே போடணுமா? இங்க வந்த பிறகு மேளம் கட்டத் தெரிஞ்சவங்க லண்டன் பக்கம் இருக்காங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. அக்கா தினமும் கேக்குறாங்க, "ஆரும் பதில் போட்டவையோ"ன்னு.

பி.கு: ஷோ வீடியோ பார்த்துட்டுப் புதுக் கருவி வாங்கத் துடிக்கிற மாணவத் தோழர்களுக்கு: முதல்ல உங்க காலேஜ் லேப்ல என்ன தூசி படிஞ்சு கிடக்குன்னு பாருங்க. கேட்டா தர்றாங்க. காசும் மிச்சம்.