சரீரப் பிணையும் லயத்துக் காம்பராவும்

சரீரப் பிணை என்ற சொல் நமது நாட்டு நீதவான் நீதிமன்றங்களில் நாள்தோறும் ஒலிக்கின்றது. காசுப் பிணையென்றால் பணத்தை முன்னதாகவே கட்ட வேண்டும். சரீரப் பிணையில் அப்படியில்லை. பிணையாளி ஒரு முறியில் ஒப்பமிடுகிறார். குற்றஞ் சாட்டப்பட்டவர் தவணைக்கு வராது ஒளித்துக்கொண்டால் மட்டுமே முறியிற் குறித்த தொகையை அவர் இறுக்க நேரும். கையிற் காசில்லாத ஏழைக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறில்லை என்றே எவருக்கும் தோன்றும்.

சட்டமும் ஏழைக்குப் பகையாக எழுதப்படவில்லை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்று தெளிவாகக் கூறுகின்றது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதியே என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. ஆகவே பிணையின் நோக்கம் தண்டிப்பதன்று. அவர் வழக்குக்கு வருவார் என்பதை உறுதிசெய்வதே.

இத்தனை நல்ல சட்டம் மலைநாட்டுக்கு வந்ததும் என்ன ஆகின்றது? நான் ஆசிரியனாக இருக்கும் நோட்டன் பிரிட்ஜ் பகுதியில், கெசல்கமு ஓயாவை மறித்த நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்து தேயிலைச் சரிவுகள் எழுகின்றன, அவற்றிடையே லயங்கள். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன், தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவரோடு நேர்ந்த தகராறின் பேரிற் கைதானான். முதல் நாளிலேயே நீதவான் பிணை வழங்கினார்: தலா ஒரு இலட்சம் ரூபா பெறுமதியான இரண்டு சரீரப் பிணைகள். ஆயினும் அவன் பதினொரு நாட்கள் விளக்கமறியலிற் கிடந்தான்.

பிணையாளிகள் தம் வதிவிடத்துக்கும் வசதிக்கும் கிராம உத்தியோகத்தரின் சான்று கொண்டுவர வேண்டியிருந்தது. தாயும் தாய்மாமனும் அலைந்தனர். அந்த உத்தியோகத்தரும் இரக்கமற்றவர் அல்லர். "பெயரும் விலாசமும் எழுதலாம், சொத்தென்று எதை எழுதுவது?" என்று அவர்களையே கேட்டாராம். தாய் என்னிடம் வந்தாள். "மாஸ்டர், வீடுவாசல் என்னா இருக்குன்னு கேக்குறாங்க. காம்பரா தோட்டத்துதுங்க. எங்களோடதுன்னு எப்படிங்க எழுதுவாங்க?"

அவள் அலைந்த நாட்களுக்குப் பேர் விழவில்லை; பேர் இல்லையேல் சம்பளமும் இல்லை. இறுதியில் நானும் என்னோடு பணிபுரியும் ஆசிரியர் ஒருவரும் சம்பளச் சீட்டோடு சென்று ஒப்பமிட்டோம். அரை மணி நேரத்தில் அலுவல் முடிந்தது. மகன் தவணைக்கு வருவானா என்பதை அறியத்தக்கவர் அவனைப் பெற்றவளா, ஐந்தாண்டு பாடம் சொன்ன நானா? ஆனால் அங்கே மதிக்கப்பட்டது அந்த அறிவு அன்று, மாதச் சம்பளமே.

இதனை ஓர் அலுவலகத்தின் குறையென்று ஒதுக்குவது எளிது; வேர் அதைவிட ஆழமானது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தொழிலாளி உரிய அறிவித்தலின்றித் தோட்டத்தைவிட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி, அத்துண்டோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். 1921ஆம் ஆண்டிலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அன்று அவனுடைய சரீரமே கடனுக்கு ஈடு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மூதாதையர் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இரண்டு மாற்றத்திலும் காம்பராவின் உரிமை தொழிலாளிக்கு வரவில்லை. கடனுக்கு ஈடாகக் கொள்ளப்பட்ட அதே சரீரம், இன்று சரீரப் பிணைக்கு மட்டும் போதாதாம்!

இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாவுக்குப் பிணை கேட்டார் ஒரு நீதவான். தமையோ தம்பியோ, உடன்பிறந்தவர் முன்வந்தபோது, அவரும் அவருடைய சொத்தும் வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவை என்று தள்ளினார். 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர் கிருஷ்ண ஐயர் அதனை மறுத்து, ஆயிரம் ரூபாவுக்கான சொந்த முறியிலேயே அந்த ஏழையை விடுவித்தார். அதற்கும் முன்னர், 1961இல் நியூயோர்க் நகரில் ஒரு முயற்சி தொடங்கியது. கைதானவரின் தொழில், குடும்பம், ஒரே இடத்தில் வாழ்ந்த காலம் ஆகியவற்றை விசாரித்து, ஊரோடு வேரூன்றியவர் எனக் கண்டால் பணமின்றி விடுவிக்கலாம் என்று நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அவ்வாறு சென்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தவணை தவறாது வந்தனர். 1966இல் அமெரிக்க மத்திய அரசின் பிணைச் சட்டமே அதனால் திருந்தியது.

வேரூன்றுதல் என்பதை அளவுகோலாகக் கொண்டால், தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் குடும்பத்தினும் ஆழமாக வேரூன்றியவர் யார்? அவர்கள் எங்கே ஓடிவிடுவார்கள்? தோட்டத்துச் செக்ரோலில் அவர்கள் பெயர் இருக்கின்றது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியில், பல்லாண்டு உழைப்பு இலக்கத்தோடு பதிவாகியிருக்கின்றது. நிலையான வாழ்வுக்கு இவையும் சான்றுகள் அல்லவா?

நமது பிணைச் சட்டம் பிறர் பிணையை மட்டும் கூறவில்லை. வருவேன் என்ற உறுதிமொழியின் பேரிலும், தம் சொந்த முறியிலும் ஒருவரை விடுவிக்க அது இடமளிக்கின்றது. அந்த வாசலைத் தட்டுவார்தான் குறைவு. சட்டத்தரணிகள் அதனைக் கேட்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்கச் செய்ய வேண்டும். ஆசிரியரும் மாணவரும் ஆகிய நாம், சம்பளச் சீட்டோடு ஓடி உதவுவது கடமையே. ஆனால் அத்தோடு நின்றுவிடலாகாது. பிணை என்பது பெரியவர்கள் இரங்கித் தரும் சலுகையன்று, அவர்களுக்கே உரிய உரிமை என்பதை லயந்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஒரு தாய் சான்றுக்காக அலையும்போது, தன் மகனுக்காக எதைக் கேட்கலாம் என்பதை அவள் அறிந்திருக்கட்டும்.