இண்டைக்கு இறங்கேலாது

ரொறன்ரோ விமான நிலையத்தில் என் கைப்பையைத் திறந்து பார்த்த பெண் அதற்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தாள். ஒன்ராறியோ ஏரிக்கரையில் பொறுக்கிய, கைக்கு அடக்கமான சாம்பல் நிறக் கல். புரட்டிப் பார்த்துவிட்டு "இது என்ன?" என்றாள். "கல்" என்றேன். "ஏன்?" என்றாள். அதற்கு ஒழுங்காக மறுமொழி சொல்லப்போனால் விமானம் போய்விடும். பக்கத்தில் நின்ற குட்டியன் தன் பையிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தவள், சரி போங்கள் என்று கையைக் காட்டினாள்.

கல் கொண்டுவரச் சொன்னவன் கலிபோர்ணியாவில் இருக்கும் எங்கள் நண்பன். நாங்கள் நாலு பேரும் ஊரில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருவன் பாரிஸில். நானும் குட்டியனும் ரொறன்ரோவில். இருபது நிமிட ஓட்டத்தில் இருந்தாலும் கலியாணவீட்டிலும் செத்தவீட்டிலும்தான் நாங்கள் இருவரும் சந்திப்போம். கை குலுக்குவோம், "எப்பிடி?" என்போம், அவ்வளவுதான். கலிபோர்ணியாக்காரனுக்கு அது தெரியும். எங்கள் இருவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றவேண்டுமென்று அவன் முன்பே திட்டம் போட்டிருந்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அவன் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது மொஹாவிப் பாதைக்கு. கொலராடோ ஆற்றங்கரையில் தொடங்கி மேற்கே பாலைவனத்தை ஊடறுத்துச் செல்லும், ஏறத்தாழ 220 கிலோமீற்றர் நீளமான மண்பாதை. கோடையில் வெயில் 45 பாகைக்கு மேலே போகும் இடம். ஆகவே பனிக்காலத்தில்தான் ஆட்கள் வருகிறார்கள். நான்கு சில்லும் இழுக்கும் வாகனங்கள் இரண்டு, பெற்றோல் கலன்கள், தண்ணீர், இழுவைக் கயிறு, மண்வெட்டி. தனி வாகனத்தில் இறங்கக்கூடாது என்பது முதல் விதி. ஒன்று புதைந்தால் மற்றது இழுக்கவேண்டும். தார்றோட்டு முடிந்த இடத்தில் நிறுத்தி ரயர்க் காற்றை முப்பத்தைந்து றாத்தலிலிருந்து இருபதுக்கு இறக்கினோம். காற்றுக் குறைந்தால் ரயர் அகன்று மணலில் பரவி நிற்கும், புதையாது.

பாரிஸ்காரன் குந்தியிருந்து காற்றுத் திறந்துகொண்டே சொன்னான்: "டேய், றோட்டில்லாத இடத்தாலை ஓடுறதுக்கு விமானத்துக்குக் காசு குடுத்து வந்திருக்கிறம். ஊரிலை சும்மா ஓடினதை."

எல்லோரும் சிரித்தோம். குட்டியன் சிரித்தானா என்று நான் பார்க்கவில்லை.

இந்தப் பாதையைப் போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லர். கொலராடோ ஆற்றங்கரையில் வாழ்ந்த மொஹாவி மக்கள் பசிபிக் கரைக்கு வியாபாரத்துக்கு நடந்த பாதை இது. கரையிலிருந்து சிப்பிகள் இந்த வழியால்தான் வந்தன. பாலைவனத்தில் நேர்கோட்டில் போகமுடியாது. ஊற்றுக்கு ஊற்று போகவேண்டும். பையூட் ஊற்று, றொக் ஊற்று, மார்ள் ஊற்று என்று ஏறத்தாழ ஒரு நாள் நடைக்கு ஓர் ஊற்றாகப் பாதை வளைந்து வளைந்து போகிறது. 1826இல் ஜெடடையா ஸ்மித் என்ற தோல் வியாபாரி வழிகாட்டிகளின் உதவியோடு இதைக் கடந்தார். 1857இல் பீல் என்பவர் அமெரிக்க இராணுவத்தின் ஒட்டகங்களோடு இந்தப் பக்கமாக வந்தார். பிறகு இராணுவம் இதைத் தன்னுடைய வழங்கல் பாதையாக்கிக் காவலரண்களும் கட்டியது. 1883இல் ரயில் வந்ததும் பாதை கைவிடப்பட்டது. நூறு வருசம் கழித்து டெனிஸ் கேஸ்பியர் என்பவர் தேடித்தேடி வரைந்து, அடிக்கடி பார்க்கவேண்டிய அடையாளங்களோடு ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். கலிபோர்ணியாக்காரன் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓடினான். ஒரு சனத்தின் நடைபாதை இராணுவப் பாதையாகி, பிறகு பொழுதுபோக்குப் பாதையாகிற இந்த ஒழுங்கை வாசித்தபோது எனக்கு எங்களுடைய ஏ9 வீதி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டேன். நாலு ஈழத்தமிழர் கூடினால் பாலைவனத்திலும் ஏ9 வந்துவிடும் என்று பாரிஸ்காரன் தொடக்கத்திலேயே எச்சரித்திருந்தான்.

ஆனாலும் வந்தது, மரங்களால். யோசுவா மரம் என்று ஒன்று இங்கே காடாக நிற்கிறது. கைகளைத் தூக்கிய மாதிரிக் கிளைகள், நுனியில் கத்தி போன்ற இலைக்கொத்து. 2020 ஆவணியில் மின்னல் மூட்டிய தீ சீமா மேட்டில் பதின்மூன்று இலட்சம் யோசுவா மரங்களைத் தின்றுவிட்டதென்று கணக்கிட்டிருக்கிறார்கள். கலிபோர்ணியாக்காரன் அந்தப் படத்தைக் கைபேசியில் காட்டினான். கருகி, தலையில்லாமல் நின்றன. "முகமாலை" என்றான் பாரிஸ்காரன், தன் எச்சரிக்கையை மறந்து.

மார்ள் ஊற்றுக்கு அப்பால், மனிதக் குடியிருப்பே இல்லாத வெளியில், ஒரு தபால்பெட்டி நிற்கிறது. பக்கத்தில் கொடிக்கம்பம். பெட்டிக்குள் ஒரு கொப்பி. போகிறவர்கள் பெயரெழுதிவிட்டுப் போகவேண்டும். பின்னால் யாரோ தொடக்கி வைத்து, வருகிறவர்கள் எல்லாம் தவளைப் பொம்மைகளைக் கொண்டுவந்து வைத்து ஒரு தவளைக் கோயிலே உருவாகியிருக்கிறது. கொப்பியில் குட்டியன் தமிழில் தன் பெயரையும் ஊரையும் எழுதினான். பக்கத்தில் என்னை எழுதச் சொல்லிப் பேனையை நீட்டினான். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டி எழுதினேன்.

அன்றிரவு மீன்ரின் கறியும் பாணும். குளிரில் கலனிலிருந்த தண்ணீர் மேலாகக் கண்ணாடி கட்டியது. எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த கூடாரத்தில் குட்டியன் குறட்டை விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. நிம்மதியாகத் தூங்குகிறான் என்று, ஐம்பத்தைந்து வயதில் வெட்கப்படவேண்டிய ஒரு கோபம் எனக்கு வந்தது.

1991 மாரி. ஆனையிறவால் போகமுடியாத காலம். குடாநாட்டிலிருந்து வன்னிக்குப் போகிறவர்கள் கொம்படியிலிருந்து ஊரியானுக்குக் கடல்நீரேரியின் சேற்றுக்குள்ளால் போனார்கள். சிலர் நடந்து, சிலர் ரக்ரர்ப் பெட்டியில். குட்டியனுடைய மாமாவிடம் ஒரு ரக்ரர் இருந்தது. குட்டியன் தடியோடு முன்னால் நடந்து சேறு பார்க்கிறவன். நெஞ்சு வருத்தக்காரரான அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோவதற்காக நான் அவரைக் கரைக்குக் கூட்டி வந்திருந்தேன். அன்று பின்னேரம் குட்டியன் சேற்றுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து "இண்டைக்கு இறங்கேலாது" என்றான். தூறல். கிடுகுக் கொட்டிலில் இரண்டு இரவு கிடந்தோம். முதல் இரவே வேறு இரண்டு ரக்ரர்கள் விளக்கில்லாமல் இறங்கிப்போன இரைச்சல் எனக்குக் கேட்டது. மூன்றாம் நாள்தான் எங்களை ஏற்றினான். அப்பா வவுனியா வரைக்கும் வந்தார். அங்கே ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் போய்விட்டார். அந்த இரண்டு நாள் இருந்திருந்தால் என்று கணக்குப் பார்க்காத வருசம் எனக்கு இல்லை. கூடக் காசுக்குக் காத்திருந்தான் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் சோடா ஏரிக்கு வந்தோம். ஏரி என்பது பெயர்தான். மொஹாவி ஆறு கடலுக்குப் போகாத ஆறு. பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் ஓடி, வெள்ளம் வந்தால் இந்தப் பள்ளத்தில் வந்து முடிகிறது. மற்றக் காலத்தில் வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு. அதைக் கடந்தால் எதிர்ப்பக்கத்தில் பயணிகளின் கற்குவியல் இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவந்து போடுவது வழக்கம். குவியலின் உச்சியில் ஒரு தகடு இருக்கிறதாம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொல்லக்கூடாது.

முந்தின கிழமை மழை பெய்திருந்தது. சக்கரத் தடங்களில் மண்ணிறத் தண்ணீர் நின்றது. குட்டியன் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினான். அந்தக் குளிரில் வெறுங்காலோடு பத்துப் பதினைந்து யார் நடந்து போய், குதிக்காலை ஊன்றித் திருப்பினான். குனிந்து, குதி பதிந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தான். சேற்றைக் கிள்ளி விரல்களுக்கிடையில் நசித்தான். திரும்பி வந்து, "மேல பொருக்கு. கீழ களி. இண்டைக்கு இறங்கேலாது" என்றான்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு?" என்றான் பாரிஸ்காரன். "அந்தா மற்றக் கரை தெரியுது."

"நீ அண்டைக்கும் உதைத்தான் சொன்னனி" என்றேன் நான்.

என் வாயால்தான் வந்தது என்பதை நம்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. மற்ற இருவரும் தங்களுக்கு ஏதோ வேலை இருப்பதுபோல வாகனத்துக்குப் பின்னால் போனார்கள். குட்டியன் கால்களைத் துடைக்காமல் நின்றான். பிறகு கரையோரமாக நடக்கத் தொடங்கினான். நானும் போனேன்.

"மாஸ்ரருக்காகத்தானே கேக்கிறாய்" என்றான்.

"ஓம்."

"அண்டைக்குச் சேறு பிழையில்லை மச்சான். போயிருக்கலாம்." அவன் என்னைப் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்தபடி சொன்னான். "முதல் நாள் இரவு வெளிச்சக்குண்டு அடிச்சுச் சுட்டவங்கள். எனக்கு முன்னாலை நடந்த பெடியன் விழுந்திட்டான். எனக்கு இருபத்தொரு வயசு. எனக்குப் பயம். பயமெண்டு சொல்ல வெக்கம். சேறெண்டு சொன்னனான்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"மாஸ்ரர் என்ன சொன்னவர் தெரியுமோ? 'தம்பி, நீ பாதை தெரிஞ்சவன், நீ சொன்னாச் சரி' எண்டவர். நீ அப்ப தேத்தண்ணி வாங்கப் போட்டாய்."

காற்று உப்பைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அவனுடைய கால்விரல்கள் விறைத்துச் சிவந்திருந்ததைக் கண்டேன். "சப்பாத்தைப் போடு" என்றேன். அதைத் தவிர வேறொன்றும் எனக்கு வரவில்லை. கொஞ்சத் தூரம் திரும்பி நடந்தபிறகுதான் கேட்டேன்: "இண்டைக்கு?"

"இண்டைக்குச் சேறுதான்" என்றான்.

வந்த வழியே திரும்பிப்போய்த் தார்றோட்டில் ஏறி, ரயருக்குக் காற்றடித்துக்கொண்டு, வடக்கே பேக்கர் என்ற சிற்றூருக்குப் போனோம். அங்கே உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்படும் ஒரு வெப்பமானி நிற்கிறது. உயரம் 134 அடி. 1913 ஆடியில் மரணப் பள்ளத்தாக்கில் பதிவான 134 பாகை பரனைற்றுக்காக அந்த உயரம். அன்று அது ஐம்பதைக் கூடத் தொடவில்லை. பெற்றோல் அடிக்கும் இடத்தில் ஏரிக்குள் இறங்கிவிட்டு வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியளைக் கண்டோம். கழுத்து வரைக்கும் சேறு. வாகனம் உள்ளே நிற்கிறதாம். இழுக்கும் லொறிக்காரன் கேட்ட காசைச் சொன்னபோது பாரிஸ்காரன் அதை ஐரோவுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் குட்டியனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தான்.

மேற்குப் பக்கமாகச் சுற்றிப்போய்க் கற்குவியலைப் பிடிக்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் இருட்டிவிட்டது. மறுநாள் காலை விமானம்.

திரும்பும்போது அதே மாதிரிப் பையைத் திறந்தார்கள், அதே மாதிரிக் கல்லை எடுத்தார்கள். ரொறன்ரோவில் இறங்கியபிறகு குட்டியன் என்னுடைய கல்லையும் தா என்று வாங்கிக்கொண்டான். அவன் நெடுந்தூர லொறி ஓடுகிறவன். மாதத்தில் ஒருதரமாவது அந்த நெடுஞ்சாலையால் போவான். கோடையில், ஏரி காய்ந்தபிறகு, எங்கேயாவது நிறுத்திவிட்டு யாரிடமாவது ஒரு ஜீப் பிடித்துப் போகலாம் என்றான்.

போன கிழமை ரெலிபோன் எடுத்துக் கேட்டேன். இரண்டும் லொறியில்தான் கிடக்கின்றனவாம்.