மஞ்சள் விளக்கும் குறிப்பறிதலும்

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் தலைப்பு இருமுறை வருகிறது. 71 ஆம் அதிகாரம் அரசவைக்கு உரியது. 110 ஆம் அதிகாரம் காதலுக்கு உரியது. ஒரே பெயர் ஏன் இருமுறை என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். வாய் சொல்லாததை முகத்தில் படிப்பது இரண்டுக்கும் பொது என்பேன். காரின் முகப்பில் எரியும் எஞ்சின் விளக்கையும் அந்த வரிசையில் சேர்க்கலாம் என்று அண்மைக்காலமாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த விளக்கு பிறந்தது ஓட்டுநரின் வசதிக்காக அன்று, காற்றின் தூய்மைக்காக. கலிபோர்னியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்த எழுந்த விதிகளே அதன் மூலம். 1996 முதல் அமெரிக்காவின் புதிய கார்கள் அனைத்துக்கும் ஒரே குறியீட்டு முறை கட்டாயமாயிற்று. பின்னர் நம் நாட்டுக்கும் வந்தது. அதற்கென ஓர் இலக்கணமும் உண்டு. ஆயில் விளக்கோ வெப்ப விளக்கோ சிவப்பாய் எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். எஞ்சின் விளக்கு மஞ்சளாய் நிலைத்து எரிந்தால் மெதுவாகச் சென்று விரைவில் காட்டலாம். மஞ்சள் விட்டுவிட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் புகைபோக்கிக்குள் போகிறது என்று பொருள். அது அங்கே எரிந்து, புகையைத் தூய்மையாக்கும் கருவியைச் சூட்டினாலேயே பாழாக்கிவிடும்.

அம்மாவை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஒரு காலையில், அபிராமத்தைத் தாண்டியதும் விளக்கு எரிந்தது. இருபுறமும் சீமைக்கருவேலங்காடு, நிழலுக்கு ஒதுங்கவும் இடமில்லை. வண்டியில் மெல்லிய நடுக்கம். ஆக்சிலேட்டரை அழுத்தினால் விளக்கு மின்னியது. காலைத் தளர்த்தினால் நிலைத்தது. மருத்துவர் குறித்த நேரம் ஒருபுறம், இந்த மின்னல் மறுபுறம். பார்த்திபனூர் வரை ஊர்ந்து சென்று காரை நிறுத்தினேன். "பஸ்லயே போயிருவோம்ப்பா, வண்டி எங்க போயிரப் போகுது" என்றாள் அம்மா. மதுரைப் பேருந்தில் சன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது.

மறுநாள் பரமக்குடியிலிருந்து வந்த இளம் மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். 'பி0301' என்று வந்தது: முதல் சிலிண்டரில் எரிதல் சரியில்லை. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதைக் குறியீடு சொல்லாது. அது நோயின் இடத்தைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. அவர் முதல் சிலிண்டரின் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் பொருத்தி, குறியீட்டை அழித்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்த்தார். இம்முறை 'பி0302' வந்தது. குற்றம் காயிலோடு இடம் பெயர்ந்துவிட்டது. ஆகவே குற்றவாளி காயில்தான். உரைகாரர்கள் பாடவேறுபாட்டை ஆராயும் நேர்த்தி அதில் இருந்தது.

அருகில் நின்ற ஒருவர், "இதுக்கு எதுக்கு இவ்வளவு? பேட்டரி வயரைக் கழட்டி மாட்டுனா லைட்டு அணைஞ்சுரும்" என்றார். அணையலாம், கோளாறு ஏற்பட்ட வேளையில் எஞ்சின் குறித்துவைத்த விவரங்களும் அதனோடு அழிந்துபோகலாம். மெக்கானிக்கும் குறியீட்டை அழிக்கத்தான் செய்தார். ஆனால் அவர் அழித்தது அது மீண்டும் வருகிறதா என்று பார்ப்பதற்காக. இவர் சொன்னது பாராமல் இருப்பதற்காக.

பழைய கார் வாங்கும் நண்பர்களுக்கு இப்போது ஒன்று சொல்லிவருகிறேன். சாவியைத் திருப்பியதும், எஞ்சினை இயக்கும் முன், அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். இயக்கியபின் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால் விளக்கு பழுதாகியிருக்கலாம், அல்லது யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். அத்தகைய காரின் விலை எவ்வளவு குறைவாயினும் காரணத்தைக் கேளாமல் பணம் கொடுக்க வேண்டாம்.