முலாம் தொட்டியில் பிறக்கும் காந்தம்

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் அந்த முலாம் பட்டறை இருக்கிறது. கதவுக் கைபிடி, மோட்டார் சைக்கிள் பாகம், கல்யாண வீட்டுத் தட்டம் என்று எல்லாம் அங்கே வரும். பட்டறைக் காக்கா, பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய சின்னக் காந்தமொன்றை நூலில் கட்டி வைத்திருக்கிறார். வெறும் பித்தளைக் கைபிடிக்குப் பக்கத்தில் பிடித்தார், அசையவில்லை. நிக்கல் பூசியெடுத்த கைபிடியிடம் கொண்டுபோனதும் நூல் சாய்ந்து, காந்தம் போய் ஒட்டியது.

"பழைய பூச்சு முழுசாக் கழண்டிட்டா எண்டு பாக்கத்தான் இது, தம்பி."

காந்தத்தை இழுத்தது பித்தளை அல்ல, அதன்மேல் படிந்த நிக்கல் படலம். அலங்காரப் பூச்சு பெரும்பாலும் பத்து மைக்ரோன் அளவுதான். தலைமயிர் அதைவிடப் பல மடங்கு தடிப்பு.

தொட்டியில் இருப்பது நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக் அமிலம். 1916இல் ஒலிவர் வாட்ஸ் சொன்ன கலவைதான் இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. பச்சைத் தண்ணீருக்குள் நிக்கல் தகடுகள் துணிப்பையில் தொங்குகின்றன. காக்கா தொட்டியின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். "கரண்டக் கூட்டினா சுணங்காம முடியும். ஆனா ஓரமெல்லாம் கருகிப் போகும்." சொல்லிக்கொண்டே கம்பியை ஆட்டுகிறார். ஆட்டாவிட்டால் ஐதரசன் குமிழிகள் ஒட்டிக்கொண்டு பூச்சில் குழி விழும்.

சூடு, மின்னோட்டம், அமிலத்தன்மை, கலக்கல். இந்த நான்கையும் வைத்துத்தான் காந்தப் படலங்களையும் செய்கிறார்கள். எண்பது பங்கு நிக்கலும் இருபது பங்கு இரும்பும் சேர்ந்த பெர்மலோய், மிக இலேசான காந்தப்புலத்துக்கும் தன் காந்தத் திசையை மாற்றும். 1979இல் ஐபிஎம் வெளியிட்ட 3370 வட்டில், எழுதிப் படிக்கும் முனைகளுக்கு இந்தப் படலத்தை மின்முலாமாகவே பூசினார்கள். அதில் பெரிய தொல்லை இரும்பு. கரைசலில் கொஞ்சமாக இருந்தாலும் நிக்கலை முந்திக்கொண்டு படியும். கலக்கலைக் கூட்டினால் இன்னும் கூடப் படியும். விகிதம் பிசகினால் படலத்தின் உள் இழுவிசை அதன் காந்தத் தன்மையைக் கெடுத்துவிடும். பூசும்போது பக்கத்தில் காந்தம் வைத்தால், படலம் எந்தத் திசையில் இலகுவாகக் காந்தமாகும் என்பதும் அப்போதே தீர்மானமாகிவிடும்.

காக்காவின் தொட்டியிலும் இரும்பு சேரும். கைதவறி விழுந்த ஆணி அடியில் கிடந்து கரையும். பூச்சு சொரசொரக்கும், நொறுங்கும். அவர் நிக்கலோடு சக்கரீனும் சேர்க்கிறார். பளபளப்புக்காம். அதே சக்கரீன் படலத்தின் இழுவிசையையும் தணிப்பதால் பெர்மலோய்க் கரைசலிலும் போடுகிறார்கள்.

மின்சாரமே இல்லாமல் பூசும் நிக்கல்-பொசுபரசு முறை இன்னும் வியப்பானது. பொசுபரசு நிறை அளவில் பதினொரு சதவீதத்தைத் தாண்டினால், நிக்கல் நிறைந்த அந்தப் படலத்தைக் காந்தம் தொடாது. கரைசலின் அமிலம் குறைந்தால் பொசுபரசு குறையும், காந்தம் திரும்பிவரும். முந்நூறு பாகை செல்சியசைத் தாண்டிச் சூடாக்கினாலும் காந்தம் திரும்பிவரும். ஹார்ட் டிஸ்க்கின் அலுமினியத் தட்டில் காந்தப் படலத்துக்கு அடியில் போடுவது இந்தக் காந்தமற்ற நிக்கலைத்தான்.

அமிலத்தன்மை இவ்வளவு முக்கியம், ஆனால் பட்டறையில் அதை அளக்க ஒரு கடதாசித் துண்டுகூட இல்லை. உதவியாளப் பொடியனின் விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன, நிக்கல் அரிப்பு. கையுறை போட்டால் கம்பி வழுக்குகிறதாம். அதைவிட என்னை வருத்தியது கழுவிய தண்ணீர். அது நேராக மணலுக்குள் போகிறது. இந்தக் கரையில் கிணறுகள் ஆழமில்லாதவை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்துச் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் இந்தத் தொட்டியையும் இந்தத் தண்ணீரையும் அளந்து பார்க்க வேண்டும்.

"சுண்ணாம்பு போட்டா நிக்கல் அடியில இறங்கும் காக்கா, பச்சை மண்டியா," என்றேன். எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று கேட்டார். அமிலம் பார்க்கும் கடதாசி ஒன்பது, பத்து என்று காட்டும்வரை போட்டு, ஓர் இரவு தெளியவிட்டு, மண்டியை வடித்து எடுக்கச் சொன்னேன். அந்தக் கடதாசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான் அவரது அடுத்த கேள்வி.