குஞ்சின் வயிறு

நாமக்கல்லில் பிறந்தவன் கோழியைப் பற்றிப் படிக்க ஐதராபாத்திற்கு வந்திருக்கிறேன் என்றால் நண்பர்கள் நகைக்கிறார்கள். கொல்லன் தெருவில் பிறந்தவன் ஊசி வாங்க அயலூர் போன கதையாம்! நகைக்கட்டும். இங்கே இராசேந்திரநகரில் 1988ஆம் ஆண்டு முதல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. புறக்கடை வளர்ப்புக்கென ‘வனராசா’, ‘கிராமப்பிரியா’ ஆகிய இனங்களை உருவாக்கித் தந்த நிலையம் அது. இவ்வட்டாரத்தில் பயிலும் எனக்குக் கோழிக்குஞ்சின் குடலைப் போல வியப்பளித்த பொருள் வேறொன்றில்லை.

21ஆம் நாள் ஓட்டை உடைத்து வரும் குஞ்சைப் பாருங்கள். கண் விழித்திருக்கிறது, கால் ஓடுகிறது, வயிறு மட்டும் இன்னும் ஆயத்தமாகவில்லை. மிஞ்சிய மஞ்சட்கரு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது. சில நாளைக்குத்தான் வரும். அதற்குள் குடல், தானியத்தைச் செரிக்கப் பழகியாக வேண்டும். முதல் வாரத்தில் சிறுகுடல், உடலைக் காட்டிலும் விரைந்து வளர்கிறது. அதன் உட்சுவரில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் நீள்கின்றன. இவ்வளர்ச்சியைத் தூண்டுவது எது? உள்ளே வந்து சேரும் தீனியேதான்.

என் அத்தை, பால் விற்றுச் சேர்த்த பணத்தில் 50 குஞ்சுகள் வாங்கினார். பெட்டி வழியில் எங்கெங்கோ தங்கி, இரண்டு நாள் கழித்து வீடு வந்தது. சில இறந்தன, பிழைத்தவற்றிலும் பல தேறவில்லை. “எல்லாத்துக்கும் ஒரே தீனிதானே போட்டேன், ஏன் கண்ணு வளரலே?” என்று கேட்டார். காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பசித்துக் கிடந்த அவ்விரண்டு நாள்களைப் புறக்கணிக்க முடியாது. உறிஞ்சும் பரப்பு குறைந்தால், பின்னர் கொட்டும் தீனியின் பயனும் குறையும்.

அமினோ அமிலங்களின் அருமை இங்கேதான் விளங்குகிறது. மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீனியில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். குடற்சுவரைக் காக்கும் கோழைப் படலத்திற்குத் திரியோனின் வேண்டும். குடலின் உயிரணுக்களுக்குக் குளுட்டமின் எரிபொருள். ஆர்ஜினினைக் கோழி தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது, தீனியில்தான் பெறவேண்டும். பொரிப்பதற்குச் சில நாள் முன்பு கரு, தன்னைச் சூழ்ந்த பனிக்குட நீரைப் பருகுகிறது. அந்நீரிலேயே ஊட்டத்தைச் செலுத்தும் முறையை இசுரேலைச் சேர்ந்த செகவா யூனியும் அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் ஃபெர்கெட்டும் வகுத்தனர். அதற்கு 2003இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. முட்டைக்குள்ளேயே முதற்பந்தி!

இதைப் படித்தபோது எனக்கு நம் பாட்டிமாரின் கறையான் பானை நினைவுக்கு வந்தது. பழைய பானையில் காய்ந்த சாணமும் கந்தல் சாக்கும் வைத்து, நீர் தெளித்து, புற்றருகே மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். காலையில் பானை நிறையக் கறையான், குஞ்சுகளுக்கு விருந்து. குருணை அரிசியில் லைசின் குறைவு; பூச்சியின் புரதம் அக்குறையை ஈடு செய்கிறது. அமினோ அமிலம் என்ற பெயரை அவர்கள் அறியார். அதன் பயனை அறிந்திருந்தார்கள்!

எனினும் ஒன்றை மறத்தலாகாது. அமினோ அமிலத் தூள் நல்ல துணை; காலத்தில் இடும் முதல் தீனிக்கு அது மாற்று அன்று. பெட்டி வந்ததும் வெதுவெதுப்பும் தூய நீரும் வேண்டும்; தாமதமின்றித் தீனி வேண்டும். மற்றவை அதற்குப் பின்னரே. இதைத்தான் அத்தைக்கும் சொன்னேன்.

தோழர்களே! ஆய்வேடுகளில் உறங்கும் இத்தகைய செய்திகள் எத்தனை! அவற்றால் பயன்பெற வேண்டியவர்கள் தொழுவத்திலும் புறக்கடையிலும் இருக்கிறார்கள். நாம் ஆங்கிலத்தில் தேர்வெழுதலாம். ஆனால் கற்றதை அவர்கள் மொழியில் அவர்களிடம் சேர்ப்பது நம் கடன். குஞ்சின் தீனியைப் போலவே அறிவும் காலத்தே போய்ச் சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும்.