யாரைக் கூப்பிடுவது?

டெலிபோன் காலத்தில் வீட்டுக்கு வீடு தினசரி காலண்டருக்குப் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும். டாக்டர், கேஸ் ஏஜென்சி, மாமா வீடு, தெருமுனை ஆட்டோக்காரர் என்று எண்களைப் பேனாவால் எழுதியிருப்பார்கள். கைபேசி வந்ததும் அட்டை போயிற்று. எங்கள் தெருவில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் அதிகம். அவர்களில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஓடிவருபவர் கையில் கிடைப்பது பூட்டிய கைபேசிதான். அதில் அவசர எண்ணுக்குப் பேசலாம். மகளுக்குப் பேச முடியாது. அந்த அட்டை சுவருக்குத் திரும்ப வேண்டும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

100, 101 எல்லோரும் அறிந்தவை. 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்த 108ஐ இன்று சின்னப் பிள்ளையும் சொல்லும். எதுவும் நினைவுக்கு வராவிட்டால் 112 போதும். தடுமாற்றமெல்லாம் மற்றவற்றில்தான். மழையில் மின்கம்பி அறுந்து தெருத் தண்ணீரில் கிடந்தால் முதலில் பேச வேண்டியது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு: 94987 94987. கரண்டை நிறுத்தக்கூடியவர்கள் அவர்கள்தான். அதுவரை ஒருவர் இந்த முனையிலும் ஒருவர் அந்த முனையிலும் நின்று, யாரும் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் கசிந்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906. கணக்கிலிருந்து பணத்தை ஏமாற்றி எடுத்துவிட்டார்களா, உடனே 1930. அந்தப் பணம் கணக்கு மாறி மாறிப் போவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று மறுநாள்வரை மறைப்பது பெரிய நஷ்டம். ஆபத்திலிருக்கும் குழந்தைக்கு 1098.

கூப்பிட்டால் மட்டும் போதாது. எந்த இடம் என்று சொல்லத் தெரிய வேண்டும். சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒரு வீட்டின் பழைய எண் நாலு வீடு தள்ளி இன்னொருவரின் புதிய எண்ணாக இருக்கும். போதாததற்கு முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது பிரதான சாலை என்ற பெயர்கள் நகர் தோறும் இருக்கின்றன. பதற்றத்தில் இதையெல்லாம் கோவையாகச் சொல்ல யாராலும் முடியாது. அட்டையின் தலையில் வீட்டு முகவரியை இரண்டு எண்களோடும் எழுதி, பக்கத்தில் ஓர் அடையாளமும் குறிக்க வேண்டும். டீக்கடை வேண்டாம், ராத்திரியில் மூடியிருக்கும். பிள்ளையார் கோயிலும் தண்ணீர்த் தொட்டியும் எந்நேரமும் தெரியும்.

ஊருக்குப் போகிறவர்கள் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வருபவர்கள் அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். எதிர்வீட்டிலும் சொல்லுங்கள். வாசலில் சேரும் பேப்பரை எடுத்து வைக்க அவர்களால்தான் முடியும்.

இவ்வளவு வற்புறுத்த எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அந்தக் குடும்பத்தோடு வந்த வயதான பெண்மணி செய்தது. அவர் இறந்துபோனார். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பி, தங்கள் பிள்ளைகளைக் காப்பதாக நினைத்துச் செய்த கொலை அது. சந்தேகம் வருவது தவறில்லை. வந்தால் தள்ளி நின்று 100க்குப் பேசலாம்; விசாரிக்க வேண்டியவர்கள் வந்து விசாரிப்பார்கள். அந்த அழைப்பு பிள்ளைகளைக் காப்பது போலவே, வழி தெரியாமல் நம் தெருவுக்குள் வந்துவிட்ட யாரோ ஒருவரையும் காக்கும்.

எங்கள் தெருவில் எழும்பும் அடுக்ககத்தில் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கி வேலை செய்கிறார்கள். அட்டையை அவர்களுக்கும் கொடுப்போம் என்றதும் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் விடவில்லை. தகரக் கொட்டகையில் கைக்குழந்தைகள் இருக்கின்றன, அடுப்பு எரிகிறது, தற்காலிக ஒயர்கள் தரையில் ஓடுகின்றன. ஆபத்து எங்களைவிட அவர்களுக்குத்தான் அருகில். தமிழ் தெரியாதவர் 108இல் இடத்தைச் சொல்லத் திணறினால், பேசிக் கொடுக்க அடுத்த வீட்டார் எழுந்து வர வேண்டும். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எண்களுக்குப் பக்கத்தில் ஒடியாவில் எழுதித் தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அந்த அட்டையில் கதவைத் தட்ட வேண்டிய வீடுகளில் முதலாவதாக எங்கள் வீட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன்.